துண்டு கையில், கணக்கு எங்கே? ஒரு கொழுந்து மடுவத்துக் கணினியின் கதை

இலங்கை மலையகத்தில் தலவாக்கலைக்கு மேலே, மேல் கொத்மலை நீர்த்தேக்கம் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறது அந்தத் தேயிலைத் தோட்டம். 150 மெகாவாட் மின்நிலையத்துக்குப் போகும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே மெழுகுவர்த்தி தேடுகிற ஊர் அது. சித்திரை மாதத்து இடிமழை மதியத்துக்கு மேல் இறங்கினால் மின்சாரம் முதலில் கண் சிமிட்டும், பிறகு போய்விடும். அப்படிப் போன ஒரு நாளில்தான் இந்தக் கதை தொடங்குகிறது.

தொழிற்சாலைக்குப் பக்கத்து மடுவத்தில், அதாவது பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகையில், மின்னணுத் தராசு ஒன்று இருக்கிறது. கூடையைத் தொங்கவிட்டதும் நிறை கம்பி வழியாக அலுவலகக் கணினிக்குப் போகும். அங்கே பதிவாகும். உடனே மடுவத்தில் உள்ள சிறு அச்சுப்பொறி ஒரு துண்டைத் துப்பும்: வரிசை எண், பெயர், கிலோ, நேரம். ஒரு நாளைக்கு மூன்று நிறுவை. பிறகு எல்லாம் கூட்டிச் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் ஏறும். தோட்டம் அன்று சொன்ன கிலோவைத் தொட்டால் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம்; தொடாவிட்டால் அரைப் பேர். ஏழு கிலோ காணாமல் போனால் அரை நாள் சம்பளம் காணாமல் போகிறது என்று பொருள். கணினி பழுது பார்க்கப் போகிறவன் இதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். நான் புரிந்துகொள்ளச் சிறிது காலம் எடுத்தது.

அன்று மதிய நிறுவையின்போது மின்சாரம் போனது. திரும்பி வந்து கணினி எழுந்ததும் பார்த்தால் கோப்பில் கடைசிப் பதிவு 40. ஆனால் பெண்கள் கையில் 41, 42, 44 ஆகிய துண்டுகள் இருந்தன. 43ஆம் துண்டு மழையில் ஊறி எழுத்து மறைந்து வெறும் வெள்ளைத் தாளாகியிருந்தது. அது யாருடையதோ அவருக்குத்தான் அரைப் பேர் விழுந்தது.

“தம்பி, துண்டு வந்ததை நான் கண்ணால் பார்த்தேன். பெட்டிக்குள்ளே போகாமல் துண்டு எப்படி வரும்?” என்று அவர் கேட்டார்.

சரியான கேள்வி. வரும் என்பதுதான் பதில்.

பெட்டிக்குள் போவது என்றால் என்ன?

ஒரு நிரல் கோப்பில் ஒரு வரியை எழுதச் சொன்னால், இயங்குதளத்தின் மையப் பகுதியான லினக்ஸ் கெர்னல் அதை உடனே வன்தட்டுக்கு எடுத்துச் செல்வதில்லை. ரேமில் உள்ள 4096 பைட் அளவுப் பக்கம் ஒன்றில் பிரதி எடுத்து வைக்கிறது, அந்தப் பக்கத்துக்கு ‘டர்ட்டி’ என்று அடையாளம் போடுகிறது, “எழுதியாயிற்று” என்று நிரலிடம் சொல்லிவிடுகிறது. தட்டில் இருப்பதும் நினைவகத்தில் இருப்பதும் இனி ஒன்றல்ல, பிறகு ஒத்துப்போகச் செய்ய வேண்டும் என்பதே அந்த அடையாளத்தின் பொருள். ஒத்துப்போகச் செய்யும் வேலைக்குப் பெயர் ரைட்பேக்.

இது சோம்பல் அல்ல, கணக்கு. நிமிடத்துக்கு 7200 சுற்று சுழலும் தட்டு ஒரு முறை சுற்றிவர 8.3 மில்லி விநாடி ஆகும். தலை இடம் மாறும் நேரத்தையும் சேர்த்தால், இங்கொன்றும் அங்கொன்றுமாக எழுதும்போது விநாடிக்கு நூறு தடவை எழுதினாலே பெரிய காரியம். ஒவ்வொன்றும் 4 கேபி என்றால் விநாடிக்கு 400 கேபிதான். அதே தட்டில் அடுத்தடுத்த இடங்களாகச் சேர்த்து எழுதினால் பல பத்து எம்பி ஓடும். ஆகவே கெர்னல் சேர்த்து வைக்கிறது. ஒரே பக்கம் பத்துத் தடவை மாறினால் கடைசி நிலை மட்டும் தட்டுக்குப் போனால் போதும். எழுதி உடனே அழிக்கப்படும் தற்காலிகக் கோப்பு தட்டைத் தொடவே தேவையில்லை.

எவ்வளவு நேரம் சேர்த்து வைக்கும்? பழைய யுனிக்ஸில் ‘அப்டேட்’ என்ற சிறு நிரல் 30 விநாடிக்கு ஒரு முறை எல்லாவற்றையும் தட்டுக்குத் தள்ளும். அந்த 30 இன்னும் விடவில்லை. லினக்ஸில் ரைட்பேக் இழை (கெர்னலுக்குள் பின்னணியில் ஓடும் ஒரு சிறு வேலையாள்) 5 விநாடிக்கு ஒரு முறை விழித்து, டர்ட்டியாகி 30 விநாடி கடந்த பக்கங்களை எழுத ஆரம்பிக்கும். இரண்டையும் கூட்டினால் ஒரு பதிவு 35 விநாடி வரை ரேமில் மட்டும் உயிர்வாழலாம், தட்டு வேறு வேலையில் இருந்தால் இன்னும் கூடுதலாக.

41ஆம் துண்டில் நேரம் 1:12:07. 44இல் 1:12:33. கடைசித் துண்டு வந்த கையோடு விளக்கு அணைந்தது என்று வேலையை மேற்பார்க்கும் கங்காணி சொன்னார். நாலு பதிவுகளும் அந்த 35 விநாடிக்குள் கச்சிதமாக அடங்கின. கெர்னல் வாக்குத் தவறவில்லை. நிரல்தான் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. எஃப்சிங்க் என்று ஓர் அழைப்பு உண்டு. “இந்தக் கோப்பு தட்டில் இறங்கும் வரை நான் நகரமாட்டேன்” என்று சொல்வது அது. அந்த நிரலை எழுதியவர்கள் அதை எங்குமே அழைக்கவில்லை.

துண்டை எப்போது அச்சிடுவது

முதல் திருத்தம் இரண்டு வரிதான். பதிவை எழுது, எஃப்சிங்க் செய், அது வெற்றி என்று திரும்பினால் மட்டும் துண்டை அச்சிடு. அதுவரை அச்சிடுவது முதலில் நடந்தது, வேகமாகத் தெரியட்டும் என்று யாரோ அப்படி வைத்திருக்க வேண்டும்.

‘வெற்றி என்று திரும்பினால்’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். எஃப்சிங்க் தோற்றால் மறுபடி அழைத்துப் பார்ப்போம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் லினக்ஸில் எழுதத் தவறிய பக்கத்தின் டர்ட்டி அடையாளம் நீக்கப்பட்டுவிடலாம். இரண்டாம் அழைப்புக்கு எழுத ஒன்றும் இல்லாததால் அது ‘வெற்றி’ என்று திரும்பும், தரவோ தட்டில் இருக்காது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை உருவாக்குபவர்களே 2018இல் இதில் தடுக்கி விழுந்தார்கள். அதன்பின் எஃப்சிங்க் தோற்றால் நிரலையே நிறுத்திவிட்டு, மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேட்டிலிருந்து மீட்டெடுக்கும்படி மாற்றினார்கள். நாங்கள் செய்தது எளிது: தோற்றால் சிவப்பு விளக்கு, துண்டு கிடையாது, புத்தகத்தில் கையால் எழுது.

வன்தட்டுக்குள்ளும் ஒரு சிறு நினைவகம் உண்டு, அதுவும் எழுதாததை எழுதியதாகச் சொல்லும். தட்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை, வழக்கமான அமைப்பில் அந்த நினைவகத்தில் இருப்பதையும் தட்டில் இறக்கச் சொல்லிக் கட்டளை அனுப்பிவிடும். யாராவது வேகத்துக்காக அதை அணைத்திருக்கிறார்களா என்று பார்த்தேன். இல்லை. நல்ல காலம்.

இரண்டு வாரம் ஒரு பதிவும் தொலையவில்லை. பிறகு தொழிற்சாலையில் தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கரிடமிருந்து தொலைபேசி வந்தது.

“தம்பி, நீர் வந்து போன பிறகு தராசு தூங்குகிறது.”

மதியத் தூக்கம்

காலை நிறுவையில் ஒன்றும் இல்லை, மாலை நிறுவையிலும் இல்லை. மதியத்தில் மட்டும், அதுவும் எல்லா நாளும் அல்ல. கூடையைத் தொங்கவிடுவார்கள், திரையில் கிலோ தெரியும், துண்டு வராது. இருபது விநாடி, இருபத்தைந்து விநாடி. வரிசை அப்படியே மழையில் நிற்கும். ஒரு கூடைக்கு எட்டு விநாடி என்று ஓடிக்கொண்டிருந்த வரிசைக்கு அது யுகம்.

அலுவலகத்தில் ஒவ்வொருவரும் ஒன்றைச் சந்தேகித்தார்கள். தராசுக்கு வயதாகிவிட்டது என்றார் ஒருவர். கம்பியை எலி கடித்திருக்கும் என்றார் இன்னொருவர்; உண்மையிலேயே ஓர் இடத்தில் கடித்திருந்தது, மாற்றினோம், பயனில்லை. அலுவலக எழுத்தரான பெரிய கிளாக்கர் மட்டும் ஒரு பயனுள்ள தகவலைச் சொன்னார், ஆனால் முறைப்பாடாகச் சொன்னார்: “போன வருடம் 2 ஜிபி ரேமை 8 ஆக்கினோம். காசு போனதுதான் மிச்சம். அதற்குப் பிறகுதான் மதியத்தில் இந்தப் பெட்டி அடிக்கடி உறைந்து நிற்கிறது.”

ரேம் கூடினால் உறையுமா என்று உள்ளூரச் சிரித்தேன். அவர் சொன்னதுதான் சரி.

மறுநாள் நண்பகலில் கணினி முன்னால் உட்கார்ந்தேன். கெர்னல் தன் நினைவகக் கணக்கை ஒரு கோப்பு மாதிரி வெளியே காட்டும். அதில் ‘டர்ட்டி’, ‘ரைட்பேக்’ என்று இரண்டு வரிகள். முதலாவது எழுதக் காத்திருப்பது, இரண்டாவது இந்த நொடியில் எழுதப்பட்டுக்கொண்டிருப்பது. விநாடிக்கு ஒரு தடவை அவற்றைத் திரையில் ஓடவிட்டேன். டர்ட்டி சில நூறு கேபியில் ஆடிக்கொண்டிருந்தது.

12:50க்கு ஓர் இளைஞர் கையில் சிறிய வெளி எஸ்எஸ்டி (சுழலும் தட்டில்லாத வேகமான சேமிப்பகம்) ஒன்றோடு வந்தார். தொழிற்சாலைக் கண்காணிப்புக் கமராக்களின் முந்திய நாள் காட்சிகள், சுமார் 6 ஜிபி. தோட்ட நிர்வாகியான துரை சாப்பாட்டுக்குப் பிறகு பார்க்க வேண்டுமாம். இளைஞர் செருகினார், கணினிக்குள் இழுத்துப் போட்டார். பச்சைப் பட்டை விறுவிறு என்று ஏறியது. டர்ட்டி வரி 200 எம்பி, 500 எம்பி, 900 எம்பி என்று நான்கைந்து விநாடிக்குள் தாவியது. பிறகு பச்சைப் பட்டை மெதுவானது. வன்தட்டு விளக்கு அணையாமல் எரிந்தது. மடுவத்திலிருந்து கங்காணி கத்துவது கேட்டது.

உறைந்து நின்ற நிறுவை நிரல் கெர்னலுக்குள் எங்கே நிற்கிறது என்று பார்த்தேன். அழைப்பு அடுக்கின் உச்சியில் ‘ஜேபிடி2 லாக் வெயிட் கமிட்’: கோப்பு முறைமையின் பதிவேடு முத்திரையாகக் காத்திருப்பது என்று பொருள். எஃப்சிங்க் கேட்டுக் காத்துக்கொண்டிருந்தது. அதாவது என் திருத்தத்துக்கு உள்ளேயே நின்றுகொண்டிருந்தது.

நூற்றுக்கு எவ்வளவு?

இனி நடந்ததைக் கோத்துச் சொல்லலாம்.

லினக்ஸ் ரைட்பேக்குக்கு நேர எல்லை மட்டுமல்ல, அளவு எல்லையும் இரண்டு உண்டு. டர்ட்டிப் பக்கங்கள் கிடைக்கக்கூடிய நினைவகத்தில் 10 சதவீதத்தைத் தாண்டினால் பின்னணியில் எழுதத் தொடங்கும். 20 சதவீதத்தை நெருங்கினால் எழுதும் நிரல்களையே கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தி வைக்கும். இரண்டுக்கும் நடுப்புள்ளி வரை கடிவாளமே இல்லை. 8 ஜிபி ரேமில் கிடைக்கக்கூடியது 6.5 ஜிபி என்று வைத்தால், 650 எம்பி சேரும் வரை பின்னணி இழை அவசரப்படாது, 975 எம்பி வரை எவரையும் தடுக்காது. அந்த எஸ்எஸ்டி விநாடிக்கு 200 எம்பிக்கு மேல் கொட்டியது. அந்தப் பழைய வன்தட்டு விநாடிக்கு 48 எம்பி விழுங்கியது. 975ஐ 48ஆல் வகுத்துப் பாருங்கள்: இருபது விநாடி. மடுவத்தில் பெண்கள் மழையில் நின்ற அதே இருபது விநாடி.

பழைய 2 ஜிபி ரேமில் இதே கணக்கு சுமார் 180 எம்பி, நாலு விநாடிக்குள் முடிந்திருக்கும். சதவீதம் மாறவில்லை, சதவீதம் எதன்மேல் என்பதுதான் மாறியது. கிளாக்கரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதை எதிர்பார்த்திருந்தவர்போல் தலையசைத்தார்.

இதில் ஒரு கேள்வி மிஞ்சும். காட்சிக் கோப்பு வேறு, நிறுவைக் கோப்பு வேறு. ஒன்றுக்காக மற்றது ஏன் நிற்க வேண்டும்? இங்கேதான் இஎக்ஸ்டி4 வருகிறது. அது மாற்றங்களைப் ‘பரிவர்த்தனை’ என்ற கட்டுகளாகச் சேர்த்துப் பதிவேடு ஒன்றில் குறிக்கும். அதன் வழக்கமான முறையில், ஒரு பரிவர்த்தனையைப் பதிவேட்டில் முத்திரையிடும் முன் அதே பரிவர்த்தனையில் இடம் ஒதுக்கப்பட்ட கோப்புகளின் தரவு தட்டில் இறங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மின்சாரம் போய்த் திரும்பும்போது கோப்புக்குள் வேறு எவருடையதோ பழைய குப்பை தெரியக்கூடும். எங்கள் நிறுவை வரியும் 6 ஜிபி காட்சியும் ஒரே பரிவர்த்தனையில் மாட்டிக்கொண்டன. போதாததற்கு, அந்தப் பெட்டியில் இருந்தது 4.9 கெர்னல். 2019இல் திருத்தப்படும் வரை அந்தப் பதிவேட்டு நிரல்பகுதி தனக்குத் தேவையான பகுதிக்கு மட்டுமல்லாமல், அந்தக் கோப்பில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த அத்தனைக்கும் காத்திருந்தது. பின்னால் ஒருவர் எழுத எழுத, முன்னால் ஒருவர் காத்துக்கொண்டே இருப்பார்.

டீமேக்கருக்கு இதைச் சொன்னபோது அவர் ஒரே வரியில் முடித்தார்: “கொழுந்தைச் சாக்கில் அமுக்கிக் குவித்து வைத்துவிட்டு, லொறி வந்ததும் ஒரே நேரத்தில் தொழிற்சாலைக்குள் கொட்டினால் வாட்டுகிற தட்டுக்குக் கொள்ளுமா? அடியில் கிடப்பது சூடேறிச் சிவந்துவிடும்.” ரைட்பேக்கைப் பற்றி நான் படித்த விளக்கங்களில் இதைவிடச் சுருக்கமானது இல்லை.

கெர்னல் எழுதுபவர்கள் எங்கெல்லாம் போய் வந்தார்கள்

இந்த நோய் தலவாக்கலையில் பிறந்தது அல்ல. ஒரு காலத்தில் எல்லாத் தட்டுகளுக்கும் பொதுவாக ‘பிடிஃப்ளஷ்’ என்ற சில இழைகள் எழுதின. மெதுவான தட்டு ஒன்றில் அவை சிக்கினால் வேகமான தட்டும் பட்டினி கிடக்கும். 2009இல் வந்த 2.6.32இல் யென்ஸ் ஆக்ஸ்போ ஒவ்வொரு தட்டுக்கும் தனி இழை கொடுத்தார். 2012 தொடக்கத்தில் வந்த 3.2இல் வூ ஃபெங்குவாங் இன்னொன்றை மாற்றினார். அதுவரை எல்லையைத் தாண்டிய நிரலையே தட்டுக்கு எழுத வைத்தார்கள். ஒரே நேரத்தில் பத்து நிரல்கள் பத்து இடத்தில் எழுதினால் தட்டின் தலை ஓடி ஓடிச் சாகும். அவர் அதை நிறுத்தி, தட்டின் வேகத்தை 200 மில்லி விநாடிக்கு ஒரு முறை அளந்து, அதற்கேற்ப நிரலைச் சிறு சிறு தூக்கங்களில் போட்டார்; எழுதுவது இழையின் வேலை மட்டும் என்று ஆனது. எனக்குப் பிடித்த மாற்றம் இதுதான். வரிசையில் நிற்பவரிடமே மண்வெட்டியைக் கொடுக்கக் கூடாது என்பது நல்ல நிர்வாகம்.

பிறகு 2017இல் 4.10 கெர்னலில் மறுபடி ஆக்ஸ்போ, பின்னணி எழுத்து தட்டின் வரிசையை முழுவதும் அடைத்துக்கொள்ளாமல் இருக்க ஒரு கட்டுப்பாட்டைச் சேர்த்தார். அது வாசிப்பு எவ்வளவு தாமதமாகிறது என்று கவனிக்கும். சுழலும் தட்டுக்கு 75 மில்லி விநாடி, எஸ்எஸ்டிக்கு 2 மில்லி விநாடி என்பது தொடக்க அளவு. அதைத் தாண்டினால் பின்னணி எழுத்தின் கழுத்தைப் பிடிக்கும். எங்கள் பெட்டி 4.9. ஒரு படியில் தவறவிட்டிருந்தது.

இத்தனை முன்னேற்றத்துக்குப் பிறகும் 10, 20 என்ற சதவீதங்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. அவை எவருக்கும் பிடித்தவை அல்ல, மாற்றினால் எவருக்காவது வேகம் குறையும் என்ற அச்சத்தில் இருப்பவை. ஆகவே மாற்றும் பொறுப்பு பெட்டியை வைத்திருப்பவர் தலையில்.

செய்தவை

சதவீதத்தை விட்டுவிட்டு நேரத்தில் யோசித்தோம். இந்தத் தட்டு எத்தனை விநாடியில் கக்கி முடிக்கும் அளவுக்கு மட்டும் டர்ட்டிப் பக்கங்களை அனுமதிப்பது? இரண்டு விநாடி என்று முடிவு செய்தோம். விநாடிக்கு 48 எம்பி, ஆகவே உச்ச எல்லை 96 எம்பி. பின்னணி எழுத்து 16 எம்பியிலேயே தொடங்கட்டும். 2.6.29 முதலே சதவீதத்துக்குப் பதில் பைட் கணக்கில் இவற்றைக் கொடுக்க முடியும். பைட் கணக்கைக் கொடுத்ததும் சதவீத அமைப்பு தானாகப் பூச்சியமாகிவிடும், இரண்டும் ஒன்றாக நிற்காது.

மறுநாள் இளைஞர் எஸ்எஸ்டியைச் செருகினார். டர்ட்டி வரி 60 எம்பிக்கு அருகில் ஏறி அங்கேயே நின்றது. மடுவத்தில் ஒரு துண்டுக்கு ஒன்று இரண்டு விநாடி தாமதம், அவ்வளவுதான். இளைஞருக்குத்தான் கோபம்: “அண்ணா, கொப்பி மெதுவாகிவிட்டது.” மணிக்கூட்டை வைத்துப் பார்க்கச் சொன்னேன். முன்பும் இரண்டு நிமிடம், இப்போதும் இரண்டு நிமிடம். முன்பு பச்சைப் பட்டை தொடக்கத்தில் ஓடிக் காட்டிவிட்டுக் கடைசியில் திணறியது. இப்போது முதலிலிருந்தே உண்மையைச் சொல்கிறது.

இதற்கு விலை இல்லாமல் இல்லை. எல்லையைத் தாழ்த்தினால் சேர்த்து எழுதும் ஆதாயம் குறையும். முன்பு தட்டைத் தொடாமலே அழிந்த தற்காலிகக் கோப்புகளில் சில இப்போது தட்டைத் தொட்டுவிட்டு அழிகின்றன. மாதக் கடைசியில் சம்பள அறிக்கை தயாராகக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கிறது. அலுவலகம் ஒத்துக்கொண்டது. பெரிய நிரல் தொகுப்புகளைக் கட்டும் கணினியில் இதே எண்களைப் போட்டால் திட்டு வாங்குவீர்கள்.

அடுத்த மாதம் டெபியன் 12 என்ற லினக்ஸ் பதிப்புக்கு மாற்றினோம், கெர்னல் 6.1 ஆனது. நிறுவைக் கோப்பை மட்டும் ஒரு சிறிய எஸ்எஸ்டியில் தனிக் கோப்பு முறைமையில் வைத்தோம். தனிப் பதிவேடு என்றால் காட்சிக் கோப்போடு ஒரே பரிவர்த்தனையில் மாட்டிக்கொள்ள வழியே இல்லை. உண்மையைச் சொன்னால், இதை முதலிலேயே செய்திருந்தால் மற்றவை பெரும்பாலும் தேவைப்பட்டிராது. ஆனால் எஸ்எஸ்டி வாங்கத் தோட்டத்தில் அனுமதி கிடைக்க நாலு வாரம் ஆனது, எல்லையை மாற்ற நாலு நிமிடம்.

மறுபடி ஒரு மழை

மின்சாரம் போனால் தாங்கிப் பிடிக்கும் யூபிஎஸ் இன்னும் வரவில்லை. ஐப்பசி இடிமழையில் மறுபடி மின்சாரம் போனது, அதுவும் நிறுவை நடுவில். முன்கூட்டியே ஒன்றை யோசித்திருந்தோம்: எஃப்சிங்க் முடிந்து துண்டு அச்சாகும் முன் விளக்கு அணைந்தால், பதிவு இருக்கும், துண்டு இருக்காது. அந்தக் கூடையைத் திரும்ப நிறுத்தால் இரட்டைக் கணக்கு. ஆகவே கணினி எழுந்ததும் கடைசிப் பதிவைப் பெரிய எழுத்தில் திரையில் காட்டும்படி செய்திருந்தோம்.

மின்சாரம் வந்ததும் கங்காணி அலுவலகத்துக்கு வந்து திரையைப் பார்த்தார். கடைசிப் பதிவு 57. மடுவத்தில் கடைசித் துண்டும் 57. தராசில் தொங்கிக்கொண்டிருந்த கூடை 43ஆம் துண்டைத் தொலைத்த அதே அக்காவுடையது. அவருக்குத் துண்டு வரவில்லை. கங்காணி திரும்பிப் போய் அந்தக் கூடையை இறக்கி, மறுபடி மாட்டி நிறுத்தார். 58ஆம் துண்டு வந்தது. அக்கா அதை மழைபடாமல் இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணிக்குள் செருகிக்கொண்டார்.